நகரத்தின் வேலியும் வேலியில் வாழும் மக்களும்

(கொல்கத்தாவில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் தமிழ் வடிவம்)



2020 மே 20ஆம் நாள், ஆம்பன் புயல் சுந்தரவனத்தில் பக்காலிக்கு அருகே கரையைக் கடந்தது. பெருந்தொற்று ஊரடங்கு நடைமுறையிலிருந்த காலம் அது. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வேலையிழந்து, நடந்தும் ரயிலேறியும் ஊர் திரும்பியிருந்த சுந்தரவனத் தொழிலாளர்கள் பலர் தம் குடிசைக்குள் நுழைந்து சில நாள்களே ஆகியிருந்தன.

கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் குடிநீரும் இல்லை. நகரம் அதைப் பெருந்துயரமாகவே நினைவில் வைத்திருக்கிறது, அதில் தவறில்லை. ஆனால் தெற்கே கோசாபாவிலும் பதார்பிரதிமாவிலும் நாம்கானாவிலும் மண்கரைகள் உடைந்து, ஆற்றின் உப்புநீர் வயலுக்குள்ளும் குளத்துக்குள்ளும் வீட்டுக்குள்ளும் புகுந்தது. நகரத்தில் விரைவிலேயே விளக்கு எரிந்தது. உப்புநீர் தேங்கிய வயலிலோ அடுத்தடுத்த பருவங்களில் நெல் சரியாக விளைவதில்லை. குளத்து நன்னீர் மீன் செத்து மிதக்கிறது. வீசிய புயல் ஒன்றே. அது விட்டுச்சென்ற அழிவு வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபட்டது.

பெருநகரங்களை ஒட்டிய இயற்கைக் கரையோரங்களை எவ்வாறு பேணுவது என்னும் கேள்வி, பொறியாளர்களுக்கும் வனத்துறைக்கும் உரிய தொழில்நுட்பக் கேள்வியாகவே வழக்கமாக முன்வைக்கப்படுகிறது. அந்தக் கரையோரத்தில் வாழ்வது யார், முடிவெடுப்பது யார், இழப்பைச் சுமப்பது யார் என்னும் கேள்விகள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. இந்த உரை அந்தக் கேள்விகளிலிருந்தே தொடங்குகிறது.

கடலுக்கும் நகரத்துக்கும் இடையே

கொல்கத்தாவைக் கடற்கரை நகரம் என்று எவரும் சொல்வதில்லை. வங்கக் கடல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. எனினும் ஹூக்ளி ஆற்றில் கடலின் ஓதம் நகரத்தையும் தாண்டி மேலேறுகிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்திலேயே அமைந்துள்ளது. 1864 அக்டோபர் 5ஆம் நாள் வீசிய புயலில் ஹூக்ளி வழியே ஏறிய புயல் அலையாலும், அதைத் தொடர்ந்த நோய்களாலும் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. நகரத்துத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் சிதைந்தன. கடல் தொலைவில் இருக்கிறது என்னும் நம்பிக்கை அன்றே பொய்த்துப்போனது.

நகரத்துக்கும் கடலுக்கும் இடையே இருப்பது சுந்தரவனம். இந்தியாவிலும் வங்கதேசத்திலுமாக ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரந்த, உலகின் மிகப்பெரிய அலையாத்திக் காட்டுத்தொகுதி அது. அந்த மரங்களின் பின்னிய வேர்கள் அலையின் விசையைத் தணிக்கின்றன. ஓதம் சுமந்துவரும் வண்டலைப் பிடித்துவைத்து நிலத்தை உயர்த்துகின்றன. காற்றை முழுவதும் தடுக்க எந்தக் காட்டாலும் இயலாது. ஆயினும் அலை உள்நாட்டை அடையும் முன் அதன் வலிமையைக் குறைப்பதில் இக்காட்டுக்கு நிகரான சுவரை எந்த அரசும் கட்டியதில்லை. பழந்தமிழ் நெய்தல் பாடல்கள் கண்டல் மரங்களை ஊரைச் சூழ்ந்த வேலியாகக் கண்டன என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிவர். கழியோர மக்களுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்த அறிவு அது.

வேறுபாடு ஒன்று உண்டு. இந்த வேலிக்குள்ளேயே மக்கள் வாழ்கின்றனர். இந்தியப் பகுதியிலுள்ள 102 தீவுகளில் 54 தீவுகள் மக்கள் குடியிருப்பவை. 2011 கணக்கெடுப்பின்படி சுந்தரவன வட்டாரத்தின் மக்கள்தொகை 40 லட்சத்தைத் தாண்டுகிறது. அவர்கள் அங்கே எவ்வாறு வந்தனர் என்பதை அறியாமல் இன்றைய நெருக்கடியைப் புரிந்துகொள்ள முடியாது.

காலத்துக்கு முன்பே கட்டப்பட்ட கரைகள்

கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் காடு என்பது வரி தராத நிலம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே சுந்தரவனத்தை வெட்டி நெல்வயலாக்கும் வேலை தொடங்கியது. காடு பங்கு பங்காகப் பிரிக்கப்பட்டுக் குத்தகைதாரர்களுக்குத் தரப்பட்டது. மரத்தை வெட்டியவர்களும் கரையைக் கட்டியவர்களும் சோட்டாநாகபுரியிலிருந்து கொண்டுவரப்பட்ட சந்தால், முண்டா, ஒராவோன் பழங்குடியினரும், மேதினிபூர் முதலிய பகுதிகளிலிருந்து வந்த நிலமற்ற உழவர்களுமே. நிலம் அவர்கள் பெயரில் இல்லை.

இங்கே இயற்கையின் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். கழிமுக நிலம் நாளுக்கு இருமுறை ஏறும் ஓதத்தால் வளர்கிறது. ஓதநீர் பரவும்போது வண்டல் படிந்து நிலம் மெல்ல மெல்ல உயர்கிறது. நிலம் போதிய உயரம் அடையும் முன்பே அதைச் சுற்றி மண்கரை எழுப்பினால் வண்டல் உள்ளே வராது. நிலம் அப்படியே நின்றுவிடும், நாளடைவில் அமுங்கவும் செய்யும். வெளியே தடுக்கப்பட்ட வண்டலோ ஆற்றுப்படுகையிலேயே படிந்து அதை உயர்த்தும். வரி வசூலிக்கும் அவசரத்தில் நடந்தது இதுவே. அதனால் இன்று பல தீவுகளில் வயலும் வீடும் உயர் ஓத மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீள மண்கரைகளே அவற்றைக் காக்கின்றன. கரை உடையும் ஒவ்வொரு முறையும் இரு நூற்றாண்டுக் கடனுக்கு உழவர் குடும்பம் வட்டி கட்டுகிறது.

எச்சரித்தவர்கள் இல்லாமலில்லை. சுழன்று வீசும் புயலுக்கு ‘சைக்ளோன்’ என்று பெயரிட்டவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். ஹூக்ளியில் வண்டல் சேர்வதால் மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்கும் யோசனை எழுந்தபோது, புயல் அலை ஒருநாள் அதை வாரிக்கொண்டு போகும் என்று 1853இல் அவர் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு எழுதினார். அவர் சொல் கேட்கப்படவில்லை. கானிங் துறைமுகம் கட்டப்பட்டது. ரயில் பாதை போடப்பட்டது. கம்பெனிப் பங்குகளில் ஊக வணிகம் நடந்தது. 1867 நவம்பரில் வந்த புயல் துறைமுகத்தைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. அறிவியல் அன்றும் இருந்தது. இலாபக் கணக்குக்கு எதிரே அதன் குரல் எடுபடவில்லை.

மெசபொடோமியாவிலும் கிரேக்கத்திலும் விளைநிலத்துக்காகக் காட்டை அழித்தவர்கள் தம் நாடுகளின் பிற்கால வறட்சிக்கு அடித்தளமிட்டதை எங்கெல்ஸ் ‘இயற்கையின் இயக்கவியல்’ நூலில் சுட்டிக்காட்டினார். சுந்தரவனத்தில் காட்டை அழிக்க முடிவெடுத்தவர்கள் இலண்டனிலும் கல்கத்தாவிலும் இருந்தனர். விளைவை அனுபவிப்பவர்களோ கோடரி பிடித்த கூலிகளின் பேரப்பிள்ளைகள். 1946–47இல் தேபாகா போராட்டம் காக்த்வீப்பிலும் சந்தேஷ்காலியிலும் அத்தனை வீறுடன் எழுந்ததற்கு இந்த வரலாறே நிலைக்களன். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்ட அந்தக் குத்தகை உழவர்கள், தாம் வெட்டித் திருத்திய நிலத்தின் மீதான உரிமையைத்தான் கேட்டனர்.

கோராமாரா சொல்லும் பாடம்

ஹூக்ளியின் முகத்துவாரத்தில், சாகர் தீவுக்கு வடக்கே கோராமாரா தீவு உள்ளது. 1969இல் அதன் பரப்பு ஏறத்தாழ 8.5 சதுர கிலோமீட்டர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியிருந்தது. அருகிலிருந்த லோகாச்சாரா தீவு, மக்கள் குடியிருந்த தீவு, முற்றிலும் நீருக்குள் போனது. யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் கடலியல் ஆய்வுப் பள்ளி செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இந்த இழப்பை ஆண்டாண்டாகப் பதிவு செய்துள்ளது.

காரணங்கள் பல. கடல் மட்டம் உலகெங்கும் உயர்கிறது; 1901 முதல் 2018 வரை சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்ததாகப் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2021இல் அறிவித்தது. கழிமுக நிலம் தானே அமுங்கவும் செய்கிறது. மேலே அணைகள் வண்டலைத் தடுக்கின்றன. கல்கத்தா துறைமுகத்தின் வண்டலை அடித்துச் செல்வதற்காகவே 1975இல் பராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியது. ஹால்டியா துறைமுகத்துக்காகக் கப்பல் தடம் தூர்வாரப்படுகிறது. துறைமுகத்துக்காக ஆற்றின் ஓட்டத்தை மாற்றியதே தம் தீவைத் தின்கிறது என்று கோராமாரா மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். ஒவ்வொரு காரணத்துக்கும் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் இக்காரணங்களில் எதுவும் கோராமாராவின் உழவரோ மீனவரோ உண்டாக்கியதன்று.

நிலமிழந்தவர்கள் சாகர் தீவில் அமைக்கப்பட்ட குடியேற்றங்களுக்குச் சென்றனர். முதலில் சென்ற குடும்பங்களுக்கு அரசு உழுது பிழைக்க நிலம் தந்தது. பின்னர் சென்றவர்களுக்கு அளவு குறைந்தது. இன்னும் பின்னர் வந்தவர்களுக்கு அதுவும் கிட்டவில்லை. சாகர் தீவும் கரைந்துகொண்டிருக்கிறது. 2021 மே 26இல் யாஸ் புயல் ஒடிசாவில் கரை கடந்தபோதும், முழுநிலவு நாளின் பேரோதம் சேர்ந்துகொண்டதால் கோராமாராவும் மௌசுனியும் வெள்ளத்தில் மூழ்கின. இரண்டாம் முறை, மூன்றாம் முறை இடம்பெயரும் குடும்பங்கள் அங்கே உண்டு.

இவர்களுக்குச் சட்டத்தில் இடம் என்ன? புயலும் வெள்ளமும் பேரிடர் நிவாரண நிதியின் பட்டியலில் உள்ளன. கரையரிப்பு அந்தத் தேசியப் பட்டியலில் இடம்பெறவில்லை. புயலில் வீடு சரிந்தால் நிவாரணம் உண்டு. அதே வீடு ஆண்டுக்குச் சில அடியாக ஆற்றில் இறங்கினால் அது பேரிடராகக் கணக்கில் வருவதில்லை. 15ஆவது நிதிக்குழு, 2021–26 காலத்துக்கு அரிப்புத் தடுப்புக்கு 1,500 கோடி ரூபாயும், அரிப்பால் இடம்பெயர்ந்தோரின் மறுகுடியமர்வுக்கு 1,000 கோடி ரூபாயும் ஒதுக்கப் பரிந்துரைத்தது. நாடு முழுமைக்குமான தொகை அது. பிரச்சினை அங்கீகரிக்கப்பட்டது என்ற அளவில் அது ஒரு முன்னேற்றமே. அங்கீகாரம் உரிமையாக மாறவில்லை என்பதே குறை.

சுவரா, பின்வாங்கலா?

2009 மே 25இல் ஐலா புயல் சுந்தரவனத்தின் 778 கிலோமீட்டர் மண்கரையைச் சேதப்படுத்தியது. மறுகட்டுமானத்துக்கு 5,032 கோடி ரூபாய்த் திட்டம் வகுக்கப்பட்டது. உயர்ந்த, அகன்ற அடித்தளம் கொண்ட கரைகள் கட்டப்பட வேண்டும். அகன்ற கரைக்கு உள்ளே தள்ளி நிலம் தேவை. அங்கேதான் திட்டம் முடங்கியது. நிலம் கிடைக்கவில்லை, பணியில் ஒரு பகுதியே நிறைவேறியது.

உழவர்கள் நிலம் தர மறுத்ததை அறியாமை என்று எழுதியவர்கள் உண்டு. கோராமாராவின் அனுபவத்தை அருகிலிருந்து பார்த்தவன், இருக்கும் இரண்டு பிகா நிலத்தை வாக்குறுதியை நம்பி ஏன் தருவான்? கரைக்கு வெளியே விடப்படும் நிலம் சில ஆண்டுகளில் ஆற்றோடு போகும் என்பதை அவன் அறிவான். மறுகுடியமர்வு உரிமையாக இல்லாத நாட்டில், நிலத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே அவன் கையிலுள்ள காப்பீடு.

இப்போது அறிஞர்களும் சில அமைப்புகளும் வேறொரு வழியைச் சொல்கின்றனர். அபாயமான விளிம்புகளிலிருந்து மக்களைப் படிப்படியாக வெளியேற்றி, அந்த நிலத்தை அலையாத்திக் காட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே அது. ஓதம் உள்ளே வரும், வண்டல் படியும், காடு வளரும், நகரமும் பாதுகாப்புப் பெறும். இயற்கையின் இயக்கத்தைப் பொறுத்தவரை இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கரை நகரும் இயல்புடையது. எல்லா இடத்திலும் கான்கிரீட் சுவர் எழுப்பி அதை நிறுத்த இயலாது. ஓரிடத்தில் கட்டும் சுவர் பெரும்பாலும் அடுத்த ஊரின் மண்ணைத் தின்னும்.

இடதுசாரிகள் இந்த வாதத்தை அச்சமின்றி எதிர்கொள்ள வேண்டும். ‘எவரும் எங்கும் நகர வேண்டாம்’ என்பது கேட்க இனிய முழக்கம். அடுத்த புயலில் அதை நம்பியவர்கள் மூழ்குவர். ‘அனைவரும் நகருங்கள்’ என்பதோ, நிலமும் வேலையும் இன்றி அவர்களைக் கொல்கத்தாவின் சேரிகளுக்கும் சென்னையின் கட்டுமானக் களங்களுக்கும் விரட்டுவதாகும். நிலமிழப்பவருக்கு ஈடான நிலமும் வீடும் வேலையும் முதலில். இடம்பெயர்வு அதன் பின்னர், ஊர்மக்களின் முடிவோடு. இந்த வரிசை மாறினால் திட்டமிட்ட பின்வாங்கல் என்பது வெளியேற்றத்தின் மறுபெயராகிவிடும்.

காடு வளர்ப்பதிலும் இதே பாடம் உண்டு. ஆம்பனுக்குப் பின் மாநில அரசு ஐந்து கோடி அலையாத்திக் கன்றுகள் நடுவதாக அறிவித்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் சேற்றில் இறங்கி நட்டவர்கள் தீவுகளின் பெண்கள். வண்டல் சேரும் திட்டில் நட்ட கன்று பிழைக்கும்; அரிக்கும் கரையில் நட்டது அடுத்த பேரோதத்தில் போகும். எது எந்த இடம் என்பதை அந்தப் பெண்கள் அறிவர். 2022 மார்ச்சில் ஒன்றிய அரசு, முறைகேடுகளைக் காரணம் காட்டி, மேற்கு வங்கத்துக்கு அத்திட்டத்தின் நிதியை நிறுத்தியது. தண்டனை பெற்றவர்கள் முறைகேடு செய்தவர்கள் அல்லர். கரையைக் காத்த கைகளுக்கே கூலி நின்றது.

இன்னொரு புறம், வயலுக்குள் வலிந்து உப்புநீரைப் பாய்ச்சி இறால், மீன் பண்ணைகளாக்கும் வேலையும் நடக்கிறது. 2024இல் சந்தேஷ்காலிப் பெண்களின் போராட்டத்தில் எழுந்த குற்றச்சாட்டுகளில் நிலப்பறிப்பும் இதுவும் முக்கியமானவை. பண்ணைக்கு நீர் விட மண்கரையில் போடும் துளை, புயல் நாளில் கரை உடையும் இடமாகிறது.

நகரத்தின் கிழக்கு வாசல்

கொல்கத்தாவின் நிலம் ஹூக்ளியிலிருந்து கிழக்கு நோக்கிச் சரிகிறது. நகரத்தின் கழிவுநீரும் மழைநீரும் அத்திசையிலேயே ஓடுகின்றன. முன்பு அதைக் கடலுக்குக் கொண்டுசென்ற வித்யாதரி ஆறு, 1928இல் இறந்த ஆறாக அறிவிக்கப்பட்டது. ஓதம் வராத அந்த உவர் நிலங்களில் கழிவுநீரைத் தேக்கி மீன் வளர்க்கும் முறையை உள்ளூர் மீனவர்கள் உருவாக்கினர். ஆழமற்ற குளத்தில் வெயிலும் பாசியும் நுண்ணுயிரும் கழிவைச் சிதைக்கின்றன. பாசியை மீன் உண்கிறது. தெளிந்த நீர் வயலுக்குப் போகிறது. நகரம் பெருஞ்செலவில் கட்ட வேண்டிய சுத்திகரிப்பு நிலையத்தின் வேலையை, நகரத்துக்கு மீனும் காய்கறியும் தந்துகொண்டே, உழைப்பாளர்கள் செய்கின்றனர். பெருமழை நாளில் நகரத்து வெள்ளம் வடியும் இடமும் அதுவே.

இதன் அறிவியலை உலகுக்கு விளக்கிய பொறியாளர் துருவஜோதி கோஷ், தாம் கண்டுபிடித்ததாக எதையும் உரிமை கொண்டாடவில்லை; மீனவர்களின் அறிவு என்றே அதைச் சொன்னார். 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் இச்சதுப்புநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் தடை விதித்தது. 2002இல் 12,500 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2006இல் இடது முன்னணி அரசு தனிச் சட்டம் இயற்றியது.

அதே நேர்மையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1960களில் உப்பு ஏரிகளைத் தூர்த்து சால்ட் லேக் நகரம் எழுந்தது காங்கிரஸ் ஆட்சியில். ராஜார்ஹாட்டில் வயல்களும் நீர்நிலைகளும் புதிய நகரமாக மாறத் தொடங்கியது இடது முன்னணி ஆட்சியில். இன்றைய ஆட்சியிலும் சதுப்புநிலத்தில் சட்டவிரோதக் கட்டடங்கள் எழுகின்றன. நகர நிலத்தின் விலை ஏறும்போது ஆளுங்கட்சியின் கொடி எதுவாயினும் அதன் அழுத்தம் ஒன்றே. மீனவர் சங்கமும் உழவர் சங்கமும் விழித்திருக்கும் இடத்தில் மட்டுமே குளம் தப்புகிறது. இந்தத் தற்சோதனை இல்லாமல் சூழலியல் பேசினால் மக்கள் நம்பமாட்டார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இதே கேள்வி

தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரை இந்தியப் பெருநிலக் கரையை ஆராய்ந்து, 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதைக் கண்டது. மேற்கு வங்கத்தில் அது 60.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 42.7 விழுக்காடு. சென்னைத் துறைமுகச் சுவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. தெற்கே உலாவச் செல்லும் நகரமும், வடக்கே வீட்டை இழக்கும் மீனவக் குப்பமும் ஒரே சுவரின் இரு விளைவுகள். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிகிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்க்கின்றனர். பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் தகுதி பெற்றபோது, அதன் பழைய பரப்பின் பெரும்பகுதி ஏற்கெனவே கட்டடங்களுக்கும் குப்பைக்கும் போய்விட்டிருந்தது.

இத்தகைய நிலையில் சட்டம் எத்திசையில் நகர்கிறது? 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பலமுறை திருத்தப்பட்டது. 2011 அறிவிக்கை சுந்தரவனத்தை மிகவும் பாதிப்புக்குள்ளாகும் கடலோரப் பகுதி என்று வகைப்படுத்தியது. 2019 அறிவிக்கையோ, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. கடல் ஏறிவரும் காலத்தில் சட்டம் கடலை நோக்கி இறங்குகிறது. மீனவர் வீடு கட்ட வழி என்று காரணம் கூறப்பட்டது; வாசல் திறந்தது சுற்றுலா விடுதிகளுக்கும் மனைவணிகத்துக்கும்.

கட்சியின் முன்னுள்ள பணிகள்

தோழர்களே, கரையரிப்பைத் தேசியப் பேரிடர் பட்டியலில் சேர்க்கவும், நிலமிழந்தோருக்கு நிலத்துக்கு ஈடாக நிலம் என்பதைச் சட்ட உரிமையாக்கவும் நாடாளுமன்றத்திலும் வெளியிலும் போராட வேண்டும். மண்கரைகளின் வடிவமும் இடமும் கிராம சபையின் ஒப்புதலோடு முடிவாக வேண்டும். அலையாத்திக் காட்டை நட்டுப் பேணும் வேலை, நிலையான கூலியுள்ள பொதுப்பணியாக வேண்டும். கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலத்திலும் பள்ளிக்கரணையிலும் மிச்சமிருக்கும் ஒவ்வொரு ஏக்கரும் பாதுகாக்கப்பட வேண்டும். 2019 அறிவிக்கையின் தளர்வுகள் திரும்பப் பெறப்பட வேண்டும்.

இவற்றுள் எதுவும் கரையோர மக்களின் போராட்டமாக மட்டும் இருந்தால் வெல்லாது. கோராமாராவில் இன்னும் சில ஆயிரம் பேரே எஞ்சியுள்ளனர். அவர்கள் வாக்கு எந்த ஆட்சியையும் அசைக்காது. அவர்கள் காத்து நிற்கும் நகரத்திலோ உழைக்கும் மக்கள் பல லட்சம். பார்க் சர்க்கஸ் பட்டறைத் தொழிலாளியும், உப்புநீர் ஏறிய வயலை விட்டு வேலை தேடிச் சென்னை வந்த கோசாபா இளைஞனும், திருவொற்றியூர் மீனவப் பெண்ணும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் கையெழுத்திட வேண்டும். நகரக் கிளைகள் அடுத்த புயலுக்குப் பின் நிவாரணப் பொருளோடு தீவுக்குச் செல்வதோடு நிறைவடையாமல், புயலில்லாத மாதங்களில் இந்தக் கோரிக்கைகளோடு நகரத் தெருக்களில் இறங்க வேண்டும். அந்த வேலைக்கு அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்கத் தேவையில்லை.